முப்பத்தெட்டு கிலோ அதிகம்

மகள் இறந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆனபோது வெல்டரும் அவர் மனைவியும் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். போயே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மனைவி நர்ஸ். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளுடைய அண்ணன் இருபது வருடமாக அந்த ஊரில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்டவர்களிடம் இந்த இரண்டு காரணங்களையும் சொன்னார்கள். வீட்டுக் கதவுகளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. மகளின் வீல்சேர் நுழைவதற்காக வெல்டர் வீட்டிலிருந்த ஒவ்வொரு கதவு நிலையையும் உடைத்து அகலமாக்கியிருந்தார். இப்போது அந்தப் பெரிய வாசல்களின் வழியே இரண்டே பேர் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

சாமான்களில் பாதியை விற்றார்கள், கொஞ்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்தார்கள். மீதியைக் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லரில் ஏற்றினார்கள்.

"இதையும் வித்துடலாமே," என்று மனைவி ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"போற இடத்துல வேலைக்கு வேணும். ஜெனரேட்டரையும் வெல்டிங் மெஷினையும் தலையில தூக்கிட்டா போக முடியும்?"

அவர் சொன்னது உண்மைதான். புது ஊரில் கடை போட வழியில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போய் வேலை செய்வதென்றால் டிரெய்லர் இல்லாமல் முடியாது. மனைவி அதற்கு மேல் பேசவில்லை.

அந்த டிரெய்லர் நாலு வருடத்துக்கு முன் பழையதாக வாங்கியது. இரண்டு சக்கரம், இடுப்பளவு உயரத்துக்குத் தகரப் பக்கங்கள். கீரை மார்க்கெட்காரர் ஒருவர் வைத்திருந்தது. மகளுக்கு அப்போது பதினைந்து வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்குத் தசைகளில் பலம் போதாது. அந்த வருடம்தான் கையால் தள்ளும் நாற்காலியை விட்டு பேட்டரி வீல்சேருக்கு மாறியிருந்தாள். அவளைத் தூக்கிக் காரில் உட்கார வைத்துவிடலாம். நூற்று நாற்பது கிலோ எடையுள்ள, மடக்க முடியாத அந்த நாற்காலியை எங்கே வைப்பது? அதற்காகத்தான் டிரெய்லர். அதன் பின்பக்கக் கதவை வெட்டி எடுத்துவிட்டு, நாற்காலி தானாக ஏறி இறங்க இரும்பில் ஒரு சாய்தளத்தைப் பற்றவைத்தார் வெல்டர். வீட்டில் எல்லோரும் அதை ராம்ப் என்றார்கள்.

வீட்டில் அவளுக்குக் கலெக்டர் என்று பெயர். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோருக்கும் உத்தரவு போடுவாள். ராம்பின் முதல் வெள்ளோட்டத்தில் நாற்காலியைத் தானே ஓட்டி ஏறியவள், பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னப்பா சரிவு இது? ஏறி உட்கார்றதுக்கா, உருண்டு விழறதுக்கா?"

"நல்லாத்தான இருக்கு."

"அப்ப நீங்க உட்கார்ந்து ஏறிப் பாருங்க. நான் கீழ நின்னு பாக்கறேன்னு சொல்லுவேன், ஆனா நிக்கத்தான் முடியாது."

அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏறிப் பார்த்தார். பாதி தூரத்தில் நாற்காலியின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. அன்றைக்கே ராம்பை வெட்டிப் போட்டுவிட்டு, இன்னும் நீளமாக, நடுவில் மடங்குகிற மாதிரி, வழுக்காத செக்கர் பிளேட் தகட்டில் புதிதாக ஒன்று செய்தார். மஞ்சள் பெயின்ட் அவளுடைய தேர்வு. "தூரத்துல வர்றவங்களுக்கு நான் வர்றது தெரியணும்," என்றாள். மூன்று வருடத்தில் அந்த நாற்காலியின் டயர்கள் மஞ்சளின் மேல் இரண்டு கறுப்புத் தடங்களைப் பதித்திருந்தன.

மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு வரிச் சலுகை உண்டு என்பதால் டிரெய்லரை அவள் பெயரிலேயே பதிவு செய்தார்கள். உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர். பதினெட்டு வயது நிரம்பாதவள் என்பதால் கீழே பொறுப்பாளர் என்று அப்பாவின் பெயர். பதிவுச் சான்று தபாலில் வந்த அன்று அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். "கார் அம்மா பேர்ல இருக்கு, டிரெய்லர் என் பேர்ல இருக்கு. உங்க பேர்ல ஒரு சைக்கிள்கூட இல்லப்பா."

அவள் பதினெட்டு வயதில் நுரையீரலில் சளி கட்டி இறந்தாள். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள்.

சில மாதங்கள் கழித்து மனைவி, "அந்த டிரெய்லர் பேப்பரை உங்க பேருக்கு மாத்திடுங்க," என்றாள். ஒரு வாரத்தில், "மாத்திட்டேன்," என்று சொன்னார். மாற்றவில்லை. இரண்டு தடவை அந்த அலுவலகத்துக்குப் போனார். டோக்கன் வாங்கி, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்களின் எண்களைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் எண் வந்ததும் இரண்டு தடவையும் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

எல்லைச் சாவடியில் சுங்க அதிகாரி டிரெய்லரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குடிபெயர்கிறவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்த பொருள் என்றால் வரி கிடையாது. சாமான் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தார். முன்பக்க இரும்புச் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணை டார்ச் அடித்துச் சான்றோடு ஒப்பிட்டார். பொறுப்பாளர் பெயரும் வெல்டரின் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போயின. போதும் என்று முத்திரை குத்தினார். முப்பது நாளுக்குள் பரிசோதனை முடித்துப் புது எண் வாங்க வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்தார். மனைவி அப்போது காருக்குள் உட்கார்ந்து வரைபடத்தில் வழி பார்த்துக்கொண்டிருந்தாள். வெல்டர் சான்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்து மேலே பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு கிடைத்தது. கதவுகள் சாதாரண அகலம். டிரெய்லரை மச்சான் வீட்டுப் பின்புறத்தில் நிறுத்தினார்கள். மனைவிக்கு வாரத்துக்கு ஐந்து நாள் வேலை. வெல்டர் நூலகத்தில் நடந்த மொழி வகுப்புக்கு வாரம் இரண்டு நாள் போனார். வந்த பத்தாம் நாள் இருவரும் வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். அந்த நாட்டு மொழி மனைவிக்கு ஓரளவு வரும். வேலைக்காகவே ஒரு வருடம் படித்திருந்தாள். அதனால் அவள்தான் பேச வேண்டும். அதனால்தான் அவருக்கு முந்தின நாளிலிருந்தே சோறு இறங்கவில்லை.

கவுன்டரில் இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தாள். பேப்பர்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, கம்ப்யூட்டரில் தட்டினாள். பிறகு நிமிர்ந்து ஏதோ கேட்டாள். வெல்டருக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது, அவள் குனிந்து பேப்பரில் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தாள். அந்த அம்மாள் இன்னும் மெதுவாக, வார்த்தை வார்த்தையாகத் திரும்பவும் சொன்னாள்.

"என்ன கேக்கறாங்க?" என்றார் வெல்டர்.

மனைவி பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உரிமையாளருக்கு இப்ப பத்தொன்பது வயசு ஆயிடுச்சாம். பொறுப்பாளர் கையெழுத்து இனிமே செல்லாதாம். அவங்களே நேர்ல வரணுமாம்."

மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"மாத்திட்டேன்னு சொன்னீங்களே."

"போனேன். ரெண்டு தடவை போனேன்."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். மனைவி தோள்பையைத் திறந்து, உள்பக்க ஜிப்பை இழுத்து, பிளாஸ்டிக் உறையிலிருந்த ஒரு தாளை எடுத்துக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளினாள். மகளின் இறப்புச் சான்று. பின்னால் மொழிபெயர்ப்பும் சேர்த்துத் தைத்திருந்தது. விசா விண்ணப்பத்தில் குடும்பத்தில் எத்தனை பேர் என்று எழுத வேண்டியிருந்தபோது அவள் அதை மொழிபெயர்த்து வாங்கியிருந்தாள். அவளிடம் அது இருக்கிறது என்பதே வெல்டருக்குத் தெரியாது. எந்த மொழியிலும் அவர் அதைப் படித்ததில்லை.

கவுன்டர் அம்மாள் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மார்பில் தொங்கவிட்டாள். அப்போது அவள் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் வெல்டருக்குப் புரிந்தது. வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது, மன்னிக்க வேண்டும் என்று அர்த்தம்.

வாரிசுகளுக்கென்று தனி ஃபார்ம் கொடுத்தாள். அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இனி யார் பெயருக்கு என்று ஒரு கட்டம் இருந்தது.

"உங்க பேரை எழுதுங்க," என்றாள் மனைவி.

"உன் பேர்ல இருக்கட்டுமே."

"வேலைக்குப் போறது யாரு? எழுதுங்க."

அவர் எழுதினார். இறந்தவருக்கு உறவு என்ற இடத்தில் மனைவி விரலால் காட்டித் தந்த சொல்லைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அந்த நாட்டு மொழியில் அப்பா என்பதற்கு ஆறு எழுத்து. ஒன்றை விட்டுவிட்டு, மேலே சொருகி எழுதினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவிதான் கார் ஓட்டினாள். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு கேட்டாள். "இவ்வளவு நாளா என்கிட்ட பொய் சொல்லணும்னு என்ன?"

"மாத்தணும்னா அந்தச் சர்டிபிகேட்டைக் குடுக்கணும். அவ போயிட்டான்னு நானே என் கையால எழுதிக் குடுக்கணும்."

"எல்லா இடத்துலயும் நான்தான குடுத்தேன். ஸ்கூல்ல, பென்ஷன் ஆபீஸ்ல, நாற்காலிக் கம்பெனியில. ஒரு இடம் உங்களுக்கு வந்துது. அதையும் பண்ணல."

கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாள். அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் அந்த வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

பரிசோதனைக்கு மச்சான் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். பெரிய கொட்டகை, நடுவில் ஆள் இறங்கி நிற்கிற குழி, ஒரு பக்கம் எடை மேடை. பரிசோதகர் முப்பது வயதுப் பெண். சாம்பல் நிற அங்கி, காதுக்குப் பின்னால் பென்சில். முதலில் விளக்குகளைப் போட்டுப் பார்த்தாள். டயரில் பொறித்திருந்த வருடத்தைக் குனிந்து படித்தாள். சக்கரங்களைத் தூக்கிச் சுழற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். மச்சான் வெல்டரின் முதுகில் தட்டி, "மாப்ள, அரை மணி நேரத்துல முடிஞ்சுது பாருங்க," என்றார்.

பிறகு எடை மேடையில் ஏற்றச் சொன்னாள். எண்ணைப் பார்த்தாள். பேப்பரைப் பார்த்தாள். இறக்கிவிட்டு இன்னொரு தடவை ஏற்றச் சொன்னாள்.

"வெறும் வண்டி இருநூத்திப் பத்து கிலோன்னு பேப்பர்ல இருக்காம்," என்று மச்சான் சொன்னார். "இங்க இருநூத்தி நாப்பத்தெட்டு காட்டுது. முப்பத்தெட்டு கிலோ அதிகம். எங்கிருந்து வந்துதுன்னு கேக்கறா."

வெல்டர் ராம்பைக் காட்டினார்.

பரிசோதகர் ராம்பை இறக்கி விரித்தாள். மடக்குக் கீலை ஆட்டிப் பார்த்தாள். பிறகு சின்னச் சக்கரங்கள் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து டிரெய்லருக்கு அடியில் போனாள். உள்ளே டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் நகர்ந்தது. சுத்தியலால் மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்ததும் வெல்டரைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"இந்த வெல்டிங் யாரு போட்டதுன்னு கேக்கறா. இவ்வளவு சுத்தமா ஒண்ணைப் பாத்து நாளாச்சாம்."

"நான்தான்னு சொல்லுங்க."

மச்சான் சொன்னார். அந்தப் பெண் தலையசைத்தாள். பிறகு நிறைய நேரம் பேசினாள். மச்சானின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அடியில இருக்கற இரும்புச் சட்டத்துல, அதான் சேஸிஸ்ல, வெல்டு வச்சிருக்காம் மாப்ள. கம்பெனி செஞ்சதுக்கு மேல நாம எதைச் சேர்த்தாலும் கம்பெனிகிட்ட லெட்டர் வாங்கணுமாம். பின்லைட்டையும் இடம் மாத்தியிருக்கீங்களாம். லெட்டர் இல்லேன்னா எடுத்துட்டு, முன்ன இருந்த மாதிரி கதவு வச்சுக் கொண்டு வரணுமாம்."

"அந்தக் கம்பெனியே மூடியாச்சே."

"அதையும் சொன்னேன். அப்ப எடுத்துடுங்கன்னுட்டா."

"வெல்டு நல்லா இருக்குன்னு சொன்னா?"

"நல்லா இருக்கறது வேற, ரூலு வேறன்னு சொல்றா. அவ மேல தப்பில்ல."

பரிசோதகர் பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிராமல் ஒரு கேள்வி கேட்டாள். மச்சான் அதை மொழிபெயர்க்காமலே பதில் சொல்லப் போனார். வெல்டர் அவர் கையைப் பிடித்து, "என்ன கேட்டா?" என்றார்.

"ராம்புல வீல்சேர் தடம் இருக்கே, யாரோடதுன்னு. வீட்ல யாராவது இருந்தா, அவங்களுக்குன்னு தனி அனுமதி இருக்காம். அதுக்கு வேற ஃபார்ம். வேணுமான்னு கேக்கறா."

"என்ன சொன்னீங்க?"

"இன்னும் சொல்லல."

"வேண்டாம்னு சொல்லுங்க."

திரும்பும்போது மச்சான் கார் ஓட்டிக்கொண்டே யோசனை சொன்னார். "இப்ப அறுத்துடுவோம். பரிசோதனை முடிஞ்சு நம்பர் வாங்கின அப்புறம் போல்ட் போட்டுத் திரும்ப மாட்டிக்கலாம். யாரு வந்து பாக்கப் போறா?"

வெல்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்காக மாட்டறது மச்சான்?" என்றார்.

வீடு வந்து இறங்கும்போது மச்சான், "ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க," என்றார். வெல்டர் வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை காலை. ஒன்பது மணிக்கு முன்னால் மெஷின் சத்தம் கூடாது என்பது மச்சான் வீட்டுத் தெருவின் சட்டம். வெல்டர் ஏழரைக்கே அங்கே போய்விட்டார். தார்ப்பாயை எடுத்து, ராம்பை விரித்து, கீலும் சட்டமும் சேர்கிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். கோடு கோணலாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடி போட்டார். முப்பது வருடத்தில் எத்தனையோ இரும்பை அறுத்திருக்கிறார். தானே வைத்த வெல்டை அறுப்பதும் புதிதில்லை. இதே டிரெய்லரில் முதல் ராம்பை அறுத்துப் போட்டது அவர்தான். அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்துப்பா, கை," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மனைவி வந்தாள். அன்றைக்கு அவளுக்கு டியூட்டி இருந்தது. யாரோடோ மாற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள்.

"ஒத்த ஆளா பண்ணா ராம்பு கால்ல விழும்," என்றாள். பெட்டியிலிருந்து இன்னொரு கண்ணாடியையும் கையுறையையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, ராம்பின் அடுத்த முனையைப் பிடித்தாள்.

அவர் கிரைண்டரைப் போட்டார். தீப்பொறி பின்பக்கமாகப் பறந்து மண்ணில் விழுந்தது. முதல் கீல் விட ஐந்து நிமிடம் ஆனது. ராம்ப் ஒரு பக்கமாகச் சாய, மனைவி முட்டியைக் கொடுத்துத் தாங்கினாள். இரண்டாவது கீலில் பாதி போனதும் அவர் மெஷினை நிறுத்திவிட்டார். கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நின்றார். பிளேடு கோட்டை விட்டு விலகியிருந்தது.

"அன்னிக்கு ஏரிக்குப் போலாம்னு கேட்டா," என்றார்.

மனைவிக்கு எந்த நாள் என்று தெரியும்.

"ஞாயித்துக்கிழமை. நான்தான் அடுத்த வாரம் பாக்கலாம்னேன். டிரெய்லர்ல சக்கரம் சத்தம் போடுதுன்னு சொன்னேன். அப்படி ஒண்ணும் பெரிய சத்தம் இல்ல. வாரம் பூரா வேலை பாத்துட்டுப் படுக்கணும் போல இருந்துது. அவ்வளவுதான். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில சேத்தோம்."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவ சொன்னா. ஆஸ்பத்திரியில. அப்பா என்னை ஏமாத்திட்டார், டிரெய்லர் மேல பழி போடறார்னு சொல்லிச் சிரிச்சா. மாஸ்க்குக்குள்ள சிரிச்சா, அப்புறம் மூச்சு வாங்குச்சு. பேசாதன்னு நான்தான் திட்டினேன்."

வெல்டர் டிரெய்லரின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மனைவியால் ராம்பை விட்டுவிட்டு வர முடியவில்லை. அதைப் பிடித்தபடியே நின்றாள்.

"அன்னிக்குக் காலையிலயே அவளுக்கு லேசா காய்ச்சல் இருந்துது," என்றாள். "நீங்க சரின்னு சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்."

அது உண்மையா, தனக்காக இப்போது சொல்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவர் அழுதார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். மகளை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவர் அழவில்லை என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டார்கள். சமையலறை ஜன்னலில் மச்சானின் முகம் தெரிந்து, உடனே விலகியது.

மனைவி முட்டியை மாற்றிக் கொடுத்துத் தாங்கினாள். "கை வலிக்குதுங்க. ரொம்ப நேரம் பிடிக்க முடியாது."

அவர் எழுந்தார். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, மிச்சத்தை அறுத்தார். ராம்ப் விடுபட்டதும் முழுக் கனமும் மனைவியின் கைக்கு வந்தது. இருவருமாக அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாய்த்தார்கள். கறுப்பு டயர்த் தடங்கள் சுவரைப் பார்க்கிற மாதிரி மனைவி அதைத் திருப்பி வைத்தாள்.

மதியத்துக்குள் அவர் வெட்டிய இடத்தைத் தேய்த்துச் சமமாக்கி, பிரைமர் அடித்தார். பின்கதவுக்குத் தகரம் வெட்டினார். விளக்குகளைப் பழைய இடத்துக்கு மாற்றினார். அடுத்த வாரம் பரிசோதனையில் எடை மேடை இருநூற்றுப் பதினொன்று காட்டியது. ஒரு கிலோ பெயின்ட்டாக இருக்கும் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

பதிவு அலுவலகத்தில் அதே கண்ணாடிச் சங்கிலி அம்மாள்தான் இருந்தாள். புதுச் சான்றும் நம்பர் பிளேட்டும் கொடுத்தாள். பழைய சான்றை அலுவலகமே வைத்துக்கொண்டு அழித்துவிடும், அது விதி. மனைவி தயங்கித் தயங்கி ஒரு நகலாவது கிடைக்குமா என்று கேட்டாள். அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அசலே இருந்தது. மூலையைக் கத்தரித்து, குறுக்கே செல்லாது என்று முத்திரை குத்தியிருந்தாள். உரிமையாளர் பெயர் இருந்த வரியில் முத்திரை படாதபடி கொஞ்சம் கீழே தள்ளிக் குத்தியிருந்தாள். மனைவி அதை வாங்கி, இறப்புச் சான்று இருந்த அதே உறைக்குள் வைத்தாள்.

ராம்ப் மச்சான் வீட்டுச் சுவரோரம் இரண்டு மாதம் நனைந்து துருப்பிடித்தது. மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் வெல்டர் தானாகவே அதை டிரெய்லரில் படுக்கப் போட்டு, பழைய இரும்பு எடுக்கும் இடத்துக்குக் கொண்டு போனார். அங்கிருந்த ஆள் காந்தக் கொக்கியை இறக்கி ஒரே தூக்கில் எடுத்தான். மேலே போகும்போது நடுக்கீல் மடங்கியது. குவியலில் அது விழுவதற்குள் வெல்டர் காரைக் கிளப்பிவிட்டார். வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி, "என்னைக் கூப்பிட்டிருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

குளிர் தொடங்கியபோது வேலை வரத் தொடங்கியது. மச்சானின் பஸ்ஸில் தினமும் வருகிற ஒரு பேக்கரிக்காரர் கூப்பிட்டிருந்தார். ரொட்டித் தட்டுகளை அடுக்கி அடுப்புக்குள் தள்ளும் வண்டியின் கால் ஒடிந்திருந்தது. வெல்டர் பின்வாசலில் டிரெய்லரை நிறுத்தி, ஜெனரேட்டரைப் போட்டு, ஒடிந்த காலைப் பற்றவைத்து முடித்தார். பேக்கரிக்காரர் வண்டியைத் தள்ளிப் பார்த்துத் திருப்தியானார். ஒரு ரொட்டியைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். எங்கே வீடு, மனைவிக்கு என்ன வேலை என்று கேட்டார். எல்லாம் வகுப்பில் படித்த கேள்விகள். வெல்டர் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

குழந்தைகள் உண்டா என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

வகுப்பில் அதுவரை நிகழ்காலம் மட்டும்தான் நடத்தியிருந்தார்கள். இருக்கிறாள் என்று சொல்லத் தெரியும். இருந்தாள் என்று சொல்ல அந்த மொழியில் அவருக்குத் தெரியாது.

"ஒரு பொண்ணு இருக்கா," என்றார்.

பேக்கரிக்காரர் சிரித்து, இன்னொரு ரொட்டியை எடுத்துத் தாளில் சுற்றினார். அவளுக்கு என்று கொடுத்தார்.

சாயங்காலம் மனைவி வந்து பார்க்கும்போது மேஜை மேல் இரண்டு ரொட்டிகள் இருந்தன. அவர் நடந்ததைச் சொன்னார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவைக் கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"இருந்தான்னு எப்படிச் சொல்றதுன்னு நான் சொல்லித் தரட்டுமா?"

அவர் யோசித்தார். "அடுத்த வாரம் வகுப்புலயே வருமாம்," என்றார்.

"சரி." அவள் ரொட்டியைப் பிரித்தாள். "அந்த ஆள் மறுபடி கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"தெரியல."

அவள் கத்தியை எடுத்து வந்து ரொட்டியை வெட்டினாள். உள்ளே இன்னும் லேசான சூடு இருந்தது. இருவரும் ஒன்றை மட்டும் சாப்பிட்டார்கள்.